குடும்பத்துக்கு மட்டும்

மே 12, ஞாயிறு

கணபதிப் பகுதியில் வாங்கிய வீட்டின் சாவி இன்று கைக்கு வந்தது. இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல். கல்லூரியை விட்டு விலகியபோது கொடுத்த பணம் முழுவதும் இதில் போயிருக்கிறது. என்னிடம் படித்தவனை எனக்கு மேலே துறைத்தலைவராக உட்கார வைத்த கல்லூரி அது. அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வட்டி வாங்கிச் சாப்பிட எனக்கு மனமில்லை.

பழைய சகா ஒருவர் போனில் அனுதாபப்பட்டார். பொருளாதாரம் கற்பித்தவர் இப்படிச் செய்யலாமா, வாடகையாக வருவது வங்கி வட்டியில் பாதிகூடத் தேறாதே என்றார். மனை விலை ஏறும் என்றேன். அப்படியானால் சரவணம்பட்டியில் வாங்கியிருக்கலாமே, ஐ.டி.காரர்கள் கேட்ட வாடகையைக் கொடுப்பார்களே என்றார். அவர்கள் ஆறு மாதத்தில் பறந்துவிடுவார்கள். கணபதியில் அரசு அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் என்று வேலைக்குப் போகிற நிதானமான மனிதர்கள் இருக்கிறார்கள். பேருந்து நிறுத்தமும் பக்கத்தில். இதையெல்லாம் யோசித்துத்தான் வாங்கினேன்.

வடவள்ளியில் நான் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வந்து, மத்தியானம் வடித்த சோற்றையே இரவுக்கும் வைத்துக்கொண்டேன்.

மே 20, திங்கள்

கொத்தனார் வந்தார். சமையல் மேடையை இடித்து இருபத்தொன்பது அங்குல உயரத்தில் கட்டச் சொன்னேன்.

"எல்லாரும் முப்பத்திமூணு வெக்கறாங்க சார். வீட்டுல அம்மிணி கொஞ்சம் குள்ளங்களா?"

"வாடகைக்கு விடப் போறேன்."

"அப்புறம் வரப்போற அம்மிணி குள்ளம்னு எப்படிங்க தெரியும்?"

தமிழ்நாட்டுப் பெண்களின் சராசரி உயரத்தைப் பற்றி அவருக்கு விளக்கினேன். அவர் சித்தாளைப் பார்த்தார். சித்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மணல் சலிக்கப் போய்விட்டாள்.

வடவள்ளி வீட்டில் மேடை உயரம் என்று என் மகள் சௌமியாவின் அம்மா ஓயாமல் குறைபட்டுக்கொண்டிருந்தாள். இடித்துக் கட்டினால் வீட்டை விற்கும்போது விலை குறையும் என்றேன். அது சரியான கணக்கு. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவள் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று சமைத்தாள். பலகை இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் அடுப்புக்குப் போகிறேன்.

புது வீட்டின் சங்கதி வேறு. அது வாடகை வீடு. குடியிருப்பவரின் வசதிதான் முக்கியம்.

மே 29, புதன்

கிழக்கு ஜன்னலுக்குக் கீழே கூடுதலாக ஒரு பிளக் பாயின்ட் வைத்தேன். தையல் இயந்திரம் வைத்திருக்கிறவர்கள் யாராவது வந்தால் உபயோகப்படும்.

ஜூன் 2, ஞாயிறு

தரகர் பட்டீஸ்வரன் ஏற்பாடாகியிருக்கிறார். வாசலில் பலகை மாட்டியாயிற்று: 'வீடு வாடகைக்கு. குடும்பத்துக்கு மட்டும்.' கடைசி வரி தரகர் சேர்த்தது. அதைப் போடாவிட்டால் கண்டவர்களும் வருவார்களாம்.

முதல் குடும்பமாக ஒரு வங்கி அதிகாரி மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் நெடுநெடுவென்று இருந்தாள். சமையலறைக்குள் போனவள் உடனே வெளியே வந்தாள்.

"ஏனுங்க, இது சாப்பிடற மேசைங்களா, சமைக்கற மேடைங்களா? இதுல ஒரு மாசம் நின்னா நிமிரவே முடியாதுங்க."

அவர்கள் போனதும் தரகர், "மேடைய ஒசத்திப் போடுங்க சார், நாளைக்கே ஆள் வெக்கறேன்" என்றார். மேடையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

பெங்களூரிலிருந்து சௌமியா பேசினாள். வழக்கமான விசாரிப்புகள். சர்க்கரை எவ்வளவு, நடக்கிறீர்களா, மாத்திரை போடுகிறீர்களா. பிறகு கொஞ்சம் இழுத்தாள்.

"மாமா பீளமேட்டு வீட்ட இடிச்சுக் கட்டறாருப்பா. அம்மா வேற வீடு பாக்கறாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள மாறோணும்."

"உங்க மாமாதானே அழைச்சிட்டுப் போனாரு. அவரே பாத்துக் குடுக்கட்டும்."

"யாரும் குடுக்க மாட்டேங்கறாங்கப்பா. போன எடத்துல எல்லாம் ஒரே கேள்வி. 'வீட்டுக்காரர் எங்கம்மா?' அம்மா உண்மைய சொல்றாங்க. ஒடனே வீடு வேற ஆளுக்குப் பேசியாச்சுங்கறாங்க."

"அப்படியா" என்றேன்.

இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது? நாலு வருடமாகத் தனித்தனியாக இருக்கிறோம். வக்கீல், கோர்ட்டு எதுவும் இல்லை, போனாள், அவ்வளவுதான். அன்றைக்கு அவளுடைய அண்ணன் சக்திவேல் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற தோரணை எனக்கு மறக்காது. கல்யாணப் பெண்ணை அழைத்துப் போகிறவன் மாதிரி நின்றான். ஒரு வார்த்தை, "என்ன மாப்பிள்ளை இது" என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மாலை தரகரைக் கூப்பிட்டு, பலகையிலிருந்து 'குடும்பத்துக்கு மட்டும்' என்ற வரியை அழிக்கச் சொன்னேன். நிபந்தனை குறைந்தால் கிராக்கி கூடும். முதல் வருட மாணவனுக்குத் தெரிந்த விஷயம்.

ஜூன் 11, செவ்வாய்

யாரும் அழைக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

தரகர் நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல பையன்கள். மேடையைப் பார்த்து, "சூப்பர் சார், இதுலயே உக்காந்துக்கலாம்" என்றார்கள். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்களை அனுப்பிவிட்டுத் தரகர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"குடும்பத்துக்கு மட்டும்னீங்க, குடும்பத்தக் கூட்டியாந்தேன். வேண்டாமுன்னு போனாங்க. அந்த வரிய அழிக்கச் சொன்னீங்க, பசங்களக் கூட்டியாந்தேன். நீங்க வேண்டாமுங்கறீங்க. யாருக்குத்தானுங்க சார் இந்த வீடு?"

"சரியான ஆளுக்கு."

"அந்த ஆளு எப்படி இருப்பாங்கன்னு சொன்னீங்கன்னா தேடறதுக்குச் சுளுவா இருக்குமுங்க."

யோசித்துச் சொன்னேன். நடுத்தர வயது. வேலைக்குப் போகிறவர். தனியாக இருக்கிற பெண்மணியானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கூட்டுறவுச் சங்க அலுவலகம் பக்கம் சொல்லி வைக்கலாம்.

"தனியாளுங்களா? அது ஆரும் குடுக்க மாட்டாங்களே சார். நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"என் வீடு. நான் குடுப்பேன்."

சௌமியாவின் அம்மா அந்தச் சங்கத்தில்தான் கணக்கு எழுதுகிறாள். அங்கே இன்னும் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள்.

ஜூன் 20, வியாழன்

கணபதிக்குப் போய்த் தரையைக் கழுவிவிட்டேன். பூட்டியே கிடக்கும் வீட்டில் தூசி எங்கிருந்துதான் வருகிறதோ.

ஜூன் 27, வியாழன்

தரகர் போன் செய்தார். ஒரு மேடம் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனாராம். நான் வடவள்ளியில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

"எப்படி, பிடிச்சுதா?"

"ஹால எட்டிப் பாத்தாங்க. நேரா சமையக்கட்டுக்குப் போனாங்க. அங்கயே நின்னுட்டாங்க சார். மேடமேல கைய வெச்சுக்கிட்டு, வரவே இல்ல. நானே கூப்பிட்டேன். ஓனரு ஆருன்னாங்க. காலேஜு வாத்தியாருன்னேன். சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்ச மாதிரி இருந்துச்சுங்க. அப்புறம் வேண்டாமுன்ட்டாங்க."

"காரணம்?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. வாடகைய கூடக் கேக்கல."

பெயரை நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று போனவர்களின் பெயர் வீட்டுக்காரனுக்கு எதற்கு? வரிசையை விட்டு வந்துவிட்டேன். சர்க்கரை வாங்கவில்லை. எப்படியும் நான் சாப்பிடுவதில்லை.

ஜூலை 1, திங்கள்

விலை போகாத பொருளின் குறை எப்போதும் பொருளில் இருப்பதில்லை. வாங்குபவருக்கும் புத்தி வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

அவள் போன் செய்தாள். சௌமியாவின் படிப்பு முடிந்தபிறகு எங்களுக்குள் போன் கிடையாது. எண்ணைப் பார்த்ததும் மகளுக்குத்தான் ஏதோ என்று பதறிவிட்டேன்.

"ஒரு உதவி வேணும்" என்றாள். "காந்திமாநகர்ல ஒரு வீடு பாத்திருக்கேன். மாடிப் போர்ஷன். ஓனர் நல்ல மனுஷன். ஆனா வீட்டுக்காரரப் பாத்தாத்தான் சாவி தருவேங்கறார்."

"நீ உண்மையைத்தான் சொல்றேன்னு சௌமியா சொன்னா."

"உண்மையச் சொல்லி எட்டு வீடு போச்சு. அதான் இந்த வீட்டுல சொல்லல. ஞாயித்துக்கெழம அரை மணி நேரம் வந்து உக்காந்தாப் போதும். பேசறத நான் பேசிக்கறேன்."

எனக்குக் கணபதியில் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

சாம்பல் நிறச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் வங்கிக்கும் போக வேண்டியிருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

காந்திமாநகர் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். தலை நரைத்திருக்கிறது, மை பூசவில்லை. என்னைப் பார்த்ததும், "ஓசூர்ல காலேஜ்ல வேலை. சனி ஞாயிறு வருவீங்க. மத்ததெல்லாம் உள்ளபடியே சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். எப்போதும் அப்படித்தான் நடப்பாள்.

வீட்டுக்காரர் வெள்ளிங்கிரி, லாரி ஆபீஸ் நடத்தி ஓய்ந்தவர். எழுபது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். பொம்பளைங்க தனியா வந்து கேட்டா, நாலையும் ரோசன பண்ணோணுமில்லீங்க. நாங்க குடும்பத்துக்குத்தான் உடறது."

"நல்லதுதாங்க. நானும் அப்படித்தா…" என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார் எந்த ஊருங்க?"

"வடவள்ளி."

"அங்க சொந்த வீடு இருக்குதுங்களா?"

இந்தக் கேள்வியை நாங்கள் இருவரும் எதிர்பார்க்கவில்லை. பெரியவரின் மனைவி காப்பித் தட்டோடு வந்து நின்றாள். வீடு இருக்கிறது என்றால், அப்புறம் எதற்கு வாடகைக்கு என்று கேட்பார். சௌமியாவின் அம்மா தயங்காமல் சொன்னாள்:

"இருக்குதுங்க. அங்கிருந்து ஆபீஸுக்கு ரெண்டு பஸ் மாறோணும். இவரும் ஊர்ல இல்ல. அதான் பூட்டி வெச்சிருக்கோமுங்க."

வெள்ளிங்கிரி தலையாட்டினார். பூட்டி வைத்திருக்கிறோம் என்றாள். வைத்திருக்கிறோம்.

"சாருக்குச் சக்கர எவ்வளவுங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"ஒண்ணரை ஸ்பூனுங்க" என்று எனக்கு முன்னால் அவள் பதில் சொன்னாள். எனக்குச் சர்க்கரை நோய் வந்து இரண்டு வருடமாகிறது. அது அவளுக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டாம் என்று சௌமியாவிடம் நான்தான் சொல்லியிருந்தேன். ஒன்றரைக் கரண்டிச் சர்க்கரை போட்ட காப்பியை முழுவதும் குடித்தேன்.

"உங்க சம்சாரம் பேரு கலாமணின்னாங்க. உங்க பேரச் சொல்லவே மாட்டேன்னுட்டாங்க" என்று பெரியவர் சிரித்தார். "அந்தக் காலத்து ஆளாட்டம்."

"சண்முகவடிவேல்" என்றேன்.

மாடியைக் காட்டினார். ஒரே படுக்கையறை. காற்று வரும் என்றார். வரவில்லை. சமையலறையில் அவள் குழாயைத் திறந்து பார்க்க நுனிக்காலில் எம்பினாள். மேடை அவள் மார்பு வரைக்கும் இருந்தது. நான் வெளியே வந்து மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது நிறுத்தம் வரை ஒன்றாக நடந்தோம்.

"மேடை ஒசரம்" என்றேன்.

"பலகை போட்டுக்குவேன்."

"கணபதியில எனக்கு ஒரு வீடு…"

"தெரியும். பாத்தேன்."

"வேண்டாம்னு சொன்னியாமே. என்ன கொறை அதுல?"

"கொறையே இல்ல. கை வெச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில். "இருவத்திரெண்டு வருஷம் உங்க வீட்டுலதாங்க குடியிருந்தேன். ஒரு ஆணி அடிக்கோணும்னாலும் கேட்டுத்தான் அடிச்சேன். மறுபடியும் உங்க வீட்டுலயே குடிவரச் சொல்றீங்க."

"வாடகைக்குத்தானே."

"வாடகை குடுத்தா மட்டும்? ஓனரு நீங்கதானே. வெள்ளிங்கிரி அய்யாவும் ஆணி அடிக்க வேண்டாம்பாரு. அவரு ஓனரு மட்டுந்தான். அவருமேல எனக்குக் கோவம் வராது."

"அப்பறம் என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. "வேற ஆரப் புருஷன்னு கூட்டிட்டுப் போறது?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். என்னைப் பீளமேட்டு வழியாகப் போகிற அதே பஸ்ஸில் ஏறச் சொல்லவில்லை. நானும் அடுத்த பஸ்தான் எனக்கு என்பதுபோல் நின்றேன்.

ஜூலை 12, வெள்ளி

பால் காய்ச்சினார்கள். ஓசூரிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஒரு பயணப் பை எடுத்துப் போனேன். வெற்றுப் பையாகத் தெரியாமலிருக்க உள்ளே பழைய செய்தித்தாள்களைத் திணித்திருந்தேன்.

வாசலில் சக்திவேல் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் வெள்ளிங்கிரி. நான் படியேறுவதைப் பார்த்து இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சக்திவேல் தொண்டையைச் செருமினான்.

"வாங்க மாப்பிள்ளை" என்றான்.

நாலு வருடம் கழித்து அந்த வார்த்தை. வீட்டுக்காரர் காது கேட்பதற்காகச் சொன்னான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "நல்லா இருக்கீங்களா" என்று நானும் சத்தமாகக் கேட்டேன். அவன் பையை வாங்கிக்கொண்டான். கனம் பார்த்ததும் என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தான். அந்த மட்டில் அவன் நாகரிகமானவன் என்று எழுதி வைக்கிறேன்.

பால் பொங்கும்போது வெள்ளிங்கிரியின் மனைவி, "சார், நீங்களும் கிட்ட வந்து நில்லுங்க. தனியாவா பொங்க உடறது?" என்று என்னைத் தள்ளினாள். நின்றேன். கலாமணி பலகையின்மேல் நின்றிருந்ததால் அவள் தோள் என் தோளுக்குச் சமமாக இருந்தது. வடவள்ளியில் பால் காய்ச்சியபோது நான் மின்வாரியக்காரனோடு வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மீட்டரை மாற்றி வைத்துவிட்டான்.

சௌமியா வீடியோவில் வந்தாள். போனைச் சக்திவேல் என் பக்கம் திருப்பினான். "அப்பா?" என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் கலாமணி கடிகாரத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஆனி கடைசி. இன்றைக்குள் ஆள் வராவிட்டால் இனி ஆவணிதான் என்று தரகர் புலம்பிக்கொண்டே ஒரு நர்ஸ் அம்மாளைக் கூட்டி வந்தார். நாற்பது வயதிருக்கும். மகன் விடுதியில் படிக்கிறானாம். கூட யாரும் வரவில்லை. வீட்டுக்காரர் எங்கே என்ற கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது. அவளும் அதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது என்பதைச் சொன்னேன்.

வீடு பிடித்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை.

"மேடைய மட்டும் கொஞ்சம் ஒசத்தித் தருவீங்களா சார்? எனக்கு இடுப்பு வலி இருக்குதுங்க."

தரகர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டி, வேண்டாம் என்று அவளுக்குச் சைகை செய்தார்.

"எத்தனை அங்குலம்?" என்று கேட்டேன்.

"அய்யோ, அளவெல்லாம் தெரியாதுங்க."

"அங்க போய் நில்லுங்க. நின்னு காட்டுங்க."

அவள் நின்று காட்டினாள். சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். கொத்தனாருக்குச் சொல்லியாயிற்று.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தெருவில் சாமான் வண்டி எதுவும் இல்லை.

ஜூலை 27, சனி

வாரக்கடைசி என்று ஒன்று எனக்குப் பல வருடமாகக் கிடையாது. இன்று காலை எழுந்ததும் சனிக்கிழமை என்று ஞாபகம் வந்தது. துணி துவைத்தேன். சமையலறையை ஒழுங்குபடுத்தினேன். பலகையைத் துடைத்து அதே இடத்தில் போட்டேன். சாயங்காலம் காந்திபுரம் வரைக்கும் பஸ்ஸில் போய், ஓசூர், பெங்களூர் வண்டிகள் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். சும்மாதான். நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கலாமணி பேசினாள்.

"வெள்ளிங்கிரி அய்யா தெனமும் கேக்கறார். 'என்னம்மிணி, சார ஆளையே காணோம்'ங்கறார். நாளைக்கு ஒருநா வந்துட்டுப் போயிருங்க. மூணு வாரமாப் பரிட்சைன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ஆகஸ்ட்ல எந்தக் காலேஜ்ல பரிட்சை?"

"அது அவருக்குத் தெரியாது. உங்களுக்கு எதுலயும் குத்தம் கண்டுபிடிக்கோணும்."

"எவ்வளவு நேரம் இருக்கணும்?"

அவள் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "மத்தியானம் சாப்பிட்டுப் போனா நல்லா இருக்கும்" என்றாள். "அவரு பாக்கறதுக்கு."

"சக்கர சேக்கறதில்ல இப்போ" என்றேன். ஏன் சொன்னேனோ தெரியவில்லை.

"அன்னிக்குக் காப்பிய முழுசாக் குடிச்சீங்களே?"

"கேட்டுட்டுப் போடணும்."

வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

பையில் இந்த முறை செய்தித்தாள் வைக்கவில்லை. ஒரு மாற்றுச் சட்டையும் துண்டும் வைத்தேன். மழை வந்தால் நனைந்துவிடும்.

வெள்ளிங்கிரி கீழே வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சார், பரிட்சையெல்லாம் முடிஞ்சுதுங்களா?" என்றார். முடிந்தது என்றேன். பசங்க எப்படி எழுதியிருக்காங்க என்றார். சுமார்தான் என்றேன். மாடி ஏறி மணியை அழுத்தினேன். திறக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன்.

பெரியவர் குழாயைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார்," என்று கேட்டார், "உங்க வீட்டுக்கு உங்ககிட்டச் சாவி இல்லீங்களா?"

"அவங்ககிட்ட இருக்குதுங்க" என்றேன். "அவங்க தொறப்பாங்க."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் பலகையிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.